பத்து சதவீதம் சரி, எதில் பத்து?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன இரண்டு மூன்று வாரங்களாக உங்கள் பத்திரிகையில் ஏஐ பற்றி வரும் கட்டுரைகளையும், அவற்றுக்கு வந்த வாசகர் கடிதங்களையும் ஒன்று விடாமல் படித்தேன். ஒருவர் இன்னும் மூன்றே வருடத்தில் இயந்திரம் நம் கையை மீறிப் போய்விடும் என்கிறார். இன்னொருவர் அதெல்லாம் கம்பெனிக்காரர்கள் பங்கு விலையை ஏற்றக் கிளப்பும் புரளி என்கிறார். நடுவில் ஒரு கட்டுரை, ஏஐ திடீர்ப் பாய்ச்சலுக்கு, அதாவது அது சட்டென்று மனிதனை மிஞ்சிப் போய்விடுவதற்கு, 10 சதவீத வாய்ப்பு என்று பெட்டி கட்டிப் போட்டது. எதில் பத்து, எத்தனை வருடத்துக்குள் பத்து, திடீர் என்றால் ஒரு நாளா ஒரு வருடமா, இதையெல்லாம் பற்றி ஒரு வரி இல்லை. படித்ததிலிருந்து கை அரித்துக்கொண்டே இருந்தது, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். வெட்டுவதென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், எண்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை. முப்பத்தோரு வருடம் பொதுக் காப்பீட்டில், தீப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பஞ்சு குடோன், தீப்பெட்டி ஆபீஸ், எண்ணெய் மில் என்று, அதுவரை எரியாத கட்டிடத்தைப் போய்ப் பார்த்து இது எரிய எவ்வளவு வாய்ப்பு, எரிந்தால் எவ்வளவு போகும் என்று எண் போடுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. அதனால் இதுவரை நடக்காத ஒன்றுக்கு எண்ணே போட முடியாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். எண்ணை மட்டும் போட்டுவிட்டுக் கணக்கைக் காட்டாமல் போனால் கோபம் வரும்.

முதலில் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். ஐ. ஜே. குட் என்று ஓர் ஆங்கிலேயப் புள்ளியியல்காரர், இரண்டாம் உலகப்போரின்போது பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டூரிங்கோடு சேர்ந்து ஜெர்மன் சங்கேதங்களை உடைத்தவர். 1965இல் அவர் எழுதியதன் சாரம் இவ்வளவுதான். எல்லா மூளை வேலையிலும் மனிதனை மிஞ்சும் இயந்திரம் ஒன்று வந்துவிட்டால், இயந்திரத்தை வடிவமைப்பதும் ஒரு மூளை வேலைதானே, அதிலும் அது நம்மை மிஞ்சும். தன்னைவிடக் கெட்டிக்கார இயந்திரத்தைச் செய்யும், அது இன்னொன்றைச் செய்யும், நாம் எங்கோ பின்னால் நிற்போம். அறுபது வருடமாக எல்லோரும் இந்த ஒரு பத்தியைத்தான் சட்டை மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். 1993இல் வெர்னர் விஞ்சி என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் (பெயரைப் பாருங்கள், பொருத்தம்!) மனிதனை மிஞ்சும் அறிவைப் படைக்கும் வசதி முப்பது வருடத்துக்குள் நம் கைக்கு வந்துவிடும் என்று எழுதினார். அந்தக் கெடு 2023இல் முடிந்தது. இந்தப் பக்கம் அவசரப்பட்டவர்கள் நிறைய. பின்னாளில் நோபல் வாங்கிய ஹெர்பர்ட் சைமனே 1965இல், இருபது வருடத்துக்குள் மனிதன் செய்யும் எந்த வேலையையும் இயந்திரம் செய்யும் என்றார். 1985 வந்தது, போனது.

இதைக் காட்டித்தான் புரளி என்கிறவர் ஜெயித்ததாக நினைத்துக்கொள்கிறார். ஆனால் எதிர்ப்பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். 2022இல் ஒரு பெரிய கணிப்புப் போட்டி நடந்தது. கணிப்பில் பழைய சாதனை உள்ளவர்கள் ஒரு பக்கம், துறை நிபுணர்கள் ஒரு பக்கம். சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் 2025க்குள் ஏஐ தங்கம் வாங்குமா என்பது ஒரு கேள்வி. கணிப்பாளர்கள் கொடுத்தது 2.3 சதவீதம், ஏஐ நிபுணர்கள் 8.6. 2025 ஜூலையில் ஓப்பன்ஏஐ, கூகுள் டீப்மைண்ட் என்ற இரண்டு கம்பெனிகளின் ஏஐ மாடல்களும் 42க்கு 35 மதிப்பெண், ஆறில் ஐந்து கணக்கு, தங்கத்துக்கான அளவை எட்டிவிட்டன. 2.3 சதவீதம் என்றால் நடக்கவே நடக்காது என்று அர்த்தமில்லை, அது நடந்ததால் மட்டும் கணிப்பாளர் முட்டாள் ஆகிவிட மாட்டார், சரி. ஆனால் அதே போட்டியில் அதே கூட்டம்தான், 2100க்குள் ஏஐயால் மனித இனம் அழிவதற்குக் கணிப்பாளர்கள் பக்கம் 0.38 சதவீதம், ஏஐ நிபுணர்கள் பக்கம் 3 சதவீதம் என்றும் எண் போட்டது. மூன்று வருடத் தூரத்தில் இருந்ததிலேயே கை நழுவியவர்கள் எழுபத்தெட்டு வருடத் தூரத்தில் இருப்பதற்கு இரண்டு தசமஸ்தானம் வரைக்கும் போட்டிருக்கிறார்கள். அந்த 0.38இல் இருக்கும் எட்டை யார் எங்கே அளந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இதைவிட வேடிக்கை இன்னொன்று. 2023 கடைசியில் முன்னணி ஆய்விதழ்களிலும் மாநாடுகளிலும் கட்டுரை எழுதிய 2,778 ஏஐ ஆய்வாளர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தினார்கள். எந்த வேலையையும் மனிதர்களைவிட நன்றாகவும் மலிவாகவும் இயந்திரம் செய்யும் நிலைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு எந்த வருடம் என்ற கேள்விக்கு வந்த பதில் 2047. அதையே எந்தத் தொழிலையும் முழுக்க இயந்திரமயமாக்கும் நிலை எப்போது என்று மாற்றிக் கேட்டதற்கு வந்த பதில் 2116! ஒரே கூட்டம், ஏறக்குறைய ஒரே கேள்வி, வார்த்தை மாறியதில் 69 வருடம். அது மட்டுமா, 2022இல் நடந்த இதே மாதிரிக் கருத்துக்கணிப்பில் 2060 என்று இருந்த பதில்தான் அடுத்த வருடமே 2047 ஆகியிருக்கிறது, அதாவது ஒரு வருடச் சொச்சத்தில் பதிமூன்று வருடம் கிட்டே வந்துவிட்டது. எங்கள் விண்ணப்பப் படிவத்தில் முன்பு தீவிபத்து நடந்ததுண்டா என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றே எழுதுவார்கள். பேச்சோடு பேச்சாக, தீயணைப்பு வண்டி கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டால், அது வந்து நாலு வருசம் இருக்கும் சார் என்பார்கள். பொய் சொல்லும் நோக்கம் கிடையாது. கேள்வி எப்படியோ பதில் அப்படி.

ஆக, கேள்வியை முதலில் ஒழுங்காக நிறுத்த வேண்டும். திடீர் என்றால் என்ன? இதற்கு நான் பார்த்தவரையில் நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. பால் கிறிஸ்டியானோ என்ற ஆய்வாளர் 2018இல் சொன்னது. உலகப் பொருளாதாரம் இப்போது வருடத்துக்கு 3 சதவீதம் அளவில் வளர்கிறது, அந்த வேகத்தில் இரட்டிப்பாக இருபத்துமூன்று வருடம் போல ஆகும். ஒரே வருடத்தில் இரட்டிப்பாகும் காலம் வருவதற்கு முன்னால், நான்கு வருடத்தில் இரட்டிப்பாகும் ஒரு காலம் முழுசாக நடந்து முடிந்திருந்தால் அது மெதுவான பாய்ச்சல். அப்படி ஒரு முன்னோட்டம் இல்லாமல் நேரடியாக ஒரு வருட இரட்டிப்புக்குப் போனால் அது திடீர். கவனியுங்கள், இவர் மெதுவு என்று சொல்வதே நாம் யாரும் கண்ணால் கண்டிராத வேகம். மெதுவாகத்தான் வரும் என்று ஒரு நிபுணர் சொன்னதாகப் பத்திரிகையில் போட்டால், நம் ஆட்கள் அப்பாடா என்று பேப்பரை மடித்து வைத்துவிடுவார்கள். அவர் சொன்னது அந்த அப்பாடா இல்லை.

இங்கே என் தொழிலில் பார்த்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1990களின் கடைசியில் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்குப் பாலிசி புதுப்பிக்கும் முன் பார்வையிடப் போனேன். மில் பெயர் வேண்டாம். மேனேஜர் நல்ல மனிதர், டீ வரவழைத்துவிட்டு எடுத்த எடுப்பிலேயே, "பன்னிரண்டு வருசமா ஒரு பீடி நெருப்புகூட விழுந்ததில்ல சார்" என்றார். பன்னிரண்டு வருடம் எரியவில்லை என்பதும் ஒரு தகவல்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நான் பார்க்கப் போனது குடோனுக்கும், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமுக்கும் நடுவில் இருக்கும் இரும்புத் தீத்தடுப்புக் கதவை. அது திறந்து கிடந்தது. தள்ளுவண்டி போய்வரத் தோதாக, அடியில் ஓர் உடைந்த சிமெண்ட் கல்லை முட்டுக்கொடுத்திருந்தார்கள். குனிந்து பார்த்தால் கல்லிலும் கதவுக்கு அடித்த அதே சிவப்புப் பெயிண்ட். போன தடவை பெயிண்ட் அடித்தவர் கல்லை நகர்த்தாமலேயே அடித்திருக்கிறார், அந்தக் கதவு கடைசியாக மூடியது எந்தக் காலமோ. கட்டணத்தை ஏற்றி எழுதினேன், மேனேஜர் முகம் சுருங்கிவிட்டது.

நான்கு வருடம் கழித்து அங்கே தீப்பிடித்தது. காரணம் ஒயரிங்கும் இல்லை, பீடியும் இல்லை. வெளியூர் ஜின்னிங் ஆலையிலிருந்து வந்த லோடில், ஒரு பேலுக்குள் பொறி இருந்திருக்கிறது. பஞ்சை அழுத்திக் கட்டிய பேலுக்குள் காற்று போகாது, அதனால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு நாள்கணக்கில் கிடக்கும், பஞ்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும். லோடு இறங்கிய மூன்றாம் நாள் ராத்திரி வெளியே வந்தது. முட்டுக்கொடுத்த கதவு வழியாகப் புளோரூமுக்கும் போனது. விசாரிக்கப் போனபோது வாட்ச்மேன் சொன்னார், "திடீர்னு குப்புனு பிடிச்சிருச்சு சார்." அவர் சொன்னதில் பொய்யில்லை. வாசலில் நின்றவருக்கு அது திடீர்தான். பேலுக்குள் மூன்று நாளாக நடந்துகொண்டிருந்தது.

ஏஐ விஷயத்தில் இந்த வித்தியாசத்தை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் முதல் குறை. பெரிய கம்பெனிகள் ஒரு மாடலைச் செய்து முடித்து மாதக்கணக்கில் உள்ளேயே வைத்துச் சோதிக்கிறார்கள், தங்கள் வேலைக்கே பயன்படுத்துகிறார்கள், அப்புறம்தான் வெளியே விடுகிறார்கள். உள்ளே படிப்படியாக ஏறுவது வெளியே இருப்பவனுக்கு ஒரே நாளில் நடந்ததாகத் தெரியும். ஆகவே திடீர்ப் பாய்ச்சலின் வாய்ப்பு என்று ஒரு எண் இல்லை, இரண்டு எண் இருக்கிறது. இயந்திரம் உண்மையிலேயே தாவுவதற்கு ஒன்று, நமக்குத் தாவியதாகத் தெரிவதற்கு ஒன்று. இரண்டாவது எண் ரொம்பப் பெரியது, அதற்கு நான் பாதிக்கு மேலேயே கொடுப்பேன். சண்டை முதலாவதைப் பற்றித்தான்.

முதலாவதுக்கு வருவோம். எரியுமா என்பதைவிட, எரிந்தால் தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு போகுமா என்பதுதான் முக்கியமான கேள்வி. இதற்கு அணுசக்தி வரலாற்றில் சரியான உதாரணம் இருக்கிறது. 1942 டிசம்பர் 2ஆம் தேதி, சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டு மைதானத்தின் பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில், இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் ஆட்கள் கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கி உலகின் முதல் அணுஉலையை ஓட்டினார்கள். யுரேனிய அணு பிளக்கும்போது நியூட்ரான் என்ற துகள்கள் தெறிக்கும், அவை போய் அடுத்த அணுக்களைப் பிளக்கும், இதுதான் தொடர்வினை. ஒரு தலைமுறை நியூட்ரானிலிருந்து அடுத்த தலைமுறைக்கு எத்தனை வருகிறது என்பதைக் குறிக்க ஒரு பெருக்கெண் உண்டு. அது ஒன்றுக்குக் கீழே இருந்தால் எவ்வளவு பெரிய அடுக்காக இருந்தாலும் அணைந்துவிடும். அன்றைக்கு அது 1.0006. ஒன்றைத் தாண்டியது பத்தாயிரத்தில் ஆறு பங்கு. அவ்வளவு போதும், கட்டுப்பாட்டுத் தண்டை உள்ளே விடாமல் இருந்தால் ஏறிக்கொண்டே போயிருக்கும். அவர்களோ அரை வாட்டில் நிறுத்தினார்கள்.

எப்படி நிறுத்த முடிந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது. பிளவில் வரும் நியூட்ரான்களில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத ஒரு சிறு பங்கு உடனே வராது, சில வினாடிகள் தாமதித்து வரும். 1.0006இல் அந்தத் தாமதக்காரர்கள் வந்து சேர்ந்தால்தான் கணக்கு ஒன்றைத் தாண்டும். அதனால்தான் நொடியில் வெடிக்காமல், நிமிடக்கணக்கில் இரட்டிப்பாகி, மனிதன் கையால் தண்டைத் தள்ள நேரம் கிடைத்தது. சுற்று மூடுகிறதா, அதாவது விளைந்தது திரும்பி வந்து விளைவித்ததையே வளர்க்கிறதா என்பது ஒரு கேள்வி. மூடினால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்பது வேறு கேள்வி. குட் எழுதிய பத்தியில் முதல் கேள்வி இருக்கிறது, இரண்டாவது இல்லை.

சரி, ஏஐயில் அந்தப் பெருக்கெண் இப்போது எவ்வளவு? நேராக அளக்க வழியில்லை, ஆனால் சில தடயங்கள் உண்டு. 2025 மே மாதம் கூகுள் டீப்மைண்ட், நிரல்களை, அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம்களை, மேம்படுத்தும் ஆல்ஃபாஎவால்வ் என்ற ஏஐயை அறிவித்தது. ஜெமினி என்ற தங்கள் மாடலைப் பயிற்றுவிக்கும் நிரலில் ஒரு முக்கியமான துண்டை, ஜெமினியையே வைத்து 23 சதவீதம் வேகமாக்கினார்களாம். குட் சொன்ன சுற்று முதன்முதலாக மூடியதுபோல இருக்கிறதல்லவா? ஆனால் மொத்தப் பயிற்சி நேரத்தில் அதனால் மிச்சமானது 1 சதவீதம். துண்டு 23, மொத்தம் 1. மில்லில் ஒரு மிஷினை மட்டும் வேகமாக ஓட்டினால் உற்பத்தி கூடாது, மற்ற மிஷின்கள் பழைய வேகத்தில் பிடித்து நிறுத்தும் என்று எந்த ஃபிட்டரும் சொல்வார்.

அதே வருடம் மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 மென்பொருள்காரர்களின் 246 வேலைகளை எடுத்து, சிலவற்றை ஏஐ துணையோடும் சிலவற்றை அது இல்லாமலும் செய்யச் சொல்லிப் பார்த்தது. தொடங்கும் முன் அவர்கள் 24 சதவீதம் நேரம் மிச்சமாகும் என்றார்கள். முடித்த பிறகும் 20 சதவீதம் மிச்சமானது என்றே நம்பினார்கள். கடிகாரம் காட்டியது 19 சதவீதம் அதிக நேரம். ஏஐயால் என் வேலை பறக்கிறது என்று யாராவது சொன்னால் இந்த ஆய்வு எனக்கு ஞாபகம் வரும். ஆனால் இதே மெட்டர்தான், ஏஐ பாதிக்குப் பாதி வெற்றியோடு முடிக்கக்கூடிய வேலையின் நீளம், அதாவது அதே வேலைக்கு ஒரு மனிதனுக்குப் பிடிக்கும் நேரம், சுமார் ஏழு மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகி வருகிறது என்றும் கணக்குப் போட்டது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும், நம் ஆட்கள் அவரவருக்குப் பிடித்த பாதியை வெட்டி வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள்.

சுற்றை மெதுவாக்கும் அந்தத் தாமத நியூட்ரான்கள் ஏஐ உலகத்தில் எவை? சிப் ஒன்று. மிக நுண்ணிய சிப் செதுக்கத் தேவையான தீவிரப் புறஊதா ஒளி இயந்திரத்தை உலகத்திலேயே நெதர்லாந்தில் இருக்கும் ஏஎஸ்எம்எல் என்ற ஒரே கம்பெனிதான் செய்கிறது. மின்சாரம் அடுத்தது. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி தரவு மையங்கள் 2024இல் இழுத்தது 41,500 கோடி யூனிட், உலகப் பயன்பாட்டில் ஒன்றரை சதவீதம், 2030இல் இது 94,500 கோடியை நெருங்கும் என்கிறார்கள். அதற்கு வேண்டிய டிரான்ஸ்பார்மரும் கம்பியும் துணைமின்நிலையமும் அறிவால் மட்டும் முளைக்காது. ஆய்வகச் சோதனை, மருந்துப் பரிசோதனை எல்லாம் அதன் அதன் காலத்தை எடுத்துக்கொள்ளும். ஏஐயால் செய்த புரத வடிவக் கணிப்புக்கு 2024இல் வேதியியல் நோபலே கொடுத்துவிட்டார்கள், ஆனாலும் ஒரு மருந்து நோயாளி கைக்கு வர இன்னும் வருடக்கணக்கில்தான் ஆகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் தூங்காமல் புரளும் இடத்தையும் சொல்ல வேண்டும். 2016 மார்ச்சில் சியோலில், கோ என்ற பலகை ஆட்டத்தின் முன்னணி வீரர் லீ செடாலை டீப்மைண்டின் ஆல்ஃபாகோ என்ற ஏஐ 4-1 என்று தோற்கடித்தது. அடுத்த வருடம் வந்த ஆல்ஃபாகோ ஜீரோ மனித ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்க்காமல் தன்னோடு தானே ஆடி, மூன்றே நாளில், லீ செடாலை வென்ற அந்தப் பழைய ஆல்ஃபாகோவை 100-0 என்று அடித்தது. இதைப் பார்த்துப் பயந்தவர்களைக் கேலி செய்ய மாட்டேன். கோ ஆட்டத்துக்கு விதி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, ஜெயித்ததா தோற்றதா என்று வெளியே போய்க் கேட்க வேண்டியதில்லை, அதனால் சுற்று நொடியில் மூடும். வாழ்க்கையில் பெரும்பாலான வேலைகள் அப்படி இல்லை. ஆனால் கணிதமும் நிரல் எழுதுவதும் கிட்டத்தட்ட அப்படித்தான், சரியா தப்பா என்று இயந்திரமே பார்த்துக்கொள்ளும். ஏஐ ஆராய்ச்சியில் பெரும்பகுதி நிரல் எழுதுவதுதான். அதாவது மற்ற எல்லாத் தொழிலையும் விட்டுவிட்டு, தன்னைச் செய்யும் தொழிலில்தான் அது முதலில் கெட்டிக்காரத்தனம் காட்டக்கூடும். இங்கே புதிய சிப் வராமலேயே, இருக்கிற சிப்பை வைத்துக்கொண்டே சுற்று மூடலாம். மூடிவிட்டால் எங்கே போய் முட்டும் என்று யாருக்கும் நிச்சயம் இல்லை.

இப்போது என் கணக்கு. கேள்வி இது: அடுத்த இருபது வருடத்துக்குள், நல்ல ஏஐ ஆய்வாளர்களுக்குச் சமமான நிலையிலிருந்து, மனித குலம் மொத்தத்தையும் எல்லா மூளை வேலையிலும் எட்டாத தூரம் பின்தள்ளும் நிலைக்கு, ஒரே வருடத்துக்குள் ஏஐ போகுமா? முதல் படி, ஏஐ ஆராய்ச்சி வேலையை ஏஐயே முழுக்கச் செய்யும் நிலை இருபது வருடத்தில் வருமா. பாதிக்குப் பாதி கொடுக்கிறேன். அது வந்தால், புதிய சிப்பும் புதிய மின்சாரமும் வரும் வரை காத்திருக்காமல் அந்தப் பெருக்கெண் ஒன்றைத் தாண்டுமா. 30 சதவீதம். அதுவும் தாண்டினால், எதிலும் போய் முட்டி நிற்காமல் ஒரு வருடத்துக்குள் அவ்வளவு தூரம் ஓடுமா. 35 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் 5 சதவீதத்துக்குச் சற்று மேலே வருகிறது.

இந்தப் பெருக்கலில் ஒரு திருட்டுத்தனம் உண்டு, நானே காட்டிக்கொடுத்துவிடுகிறேன். ஒரு விஷயத்தை மூன்று படியாக வெட்டினால் 5 வரும், பத்துப் படியாக வெட்டினால் எதுவும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். வேண்டாத கிளைமை மறுக்கவும் வேண்டியவருக்குக் கட்டணத்தைக் குறைக்கவும் இந்த வித்தையைச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு படியிலும் என் எண் தப்பாக இருக்கலாம், தப்பாக இருந்தால் எல்லாம் ஒரே பக்கமாகவும் தப்பாக இருக்கலாம். ஆகவே 5 என்று சொன்னாலும் 2 முதல் 12 வரை எங்கு இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன் என்பதுதான் நேர்மையான பதில். ஏஐ முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹிண்டன் 10 முதல் 20 சதவீதம் என்று சொன்னதை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அது முப்பது வருடத்துக்குள் ஏஐயால் மனித இனமே அழியுமா என்ற கேள்விக்கு. மெதுவாக வளர்ந்த ஏஐயாலும் அழிவு வரலாம், திடீரென்று வளர்ந்தது ஒன்றும் செய்யாமலும் விடலாம். உங்கள் பெட்டிச் செய்தியில் எனக்குச் சந்தேகம் வந்ததே இங்கேதான், யாரோ இந்தக் கேள்வியின் எண்ணைத் தூக்கி அந்தக் கேள்வியில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஐந்து சின்ன எண்தானே என்பவர்களுக்கு 1939இல் நடந்த ஒரு பேச்சைச் சொல்ல வேண்டும், இதைப் பதிந்து வைத்தவர் இயற்பியலாளர் லியோ சிலார்ட். யுரேனியத்தில் தொடர்வினை நடக்க வாய்ப்பு உண்டா என்று ஃபெர்மியிடம் கேட்டார்கள். தொலைதூர வாய்ப்புதான் என்றார் ஃபெர்மி. தொலைதூரம் என்றால் எவ்வளவு என்று இன்னொரு இயற்பியலாளர் இசிடோர் ராபி மடக்கினார். பத்து சதவீதம் இருக்கலாம் என்றார் ஃபெர்மி. நாம் அதில் சாகக்கூடும் என்றால் பத்து சதவீதம் தொலைதூரம் இல்லை என்றாராம் ராபி. அடுத்த மூன்று வருடத்தில் அதே ஃபெர்மிதான் சிகாகோவில் நின்றார்.

எங்கள் தொழிலில் தீக்காப்பீட்டுக் கட்டணத்தை ஆயிரத்துக்கு இத்தனை என்று போடுவோம். இருபது வருடத்துக்கு 5 சதவீதம் என்பது, முரட்டுக் கணக்காக, வருடத்துக்கு ஆயிரத்துக்கு இரண்டரை. அந்த அளவு ஆபத்துள்ள கட்டிடத்துக்கு பாலிசி தர முடியாது என்று நாங்கள் சொன்னதில்லை. கட்டிடத்தை இடிக்கச் சொன்னதும் இல்லை. ஆனால் போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதும் இல்லை. கதவைத் திறந்து மூடிக் காட்டு, தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா காட்டு, ஒரே தீயில் அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று சொல் என்று கேட்டோம். இங்கே அதுகூட முழுசாகப் பொருந்தாது, ஏனென்றால் காப்பீடு என்பதே ஆயிரம் குடோனிடம் வாங்கி எரிந்த ஒன்றுக்குக் கொடுப்பது. பூமி ஒன்றுதான், மறுகாப்பீட்டுக்கு, அதாவது காப்பீட்டுக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும் காப்பீட்டுக்கு, யாரிடம் போவது? இப்போது ஏஐ கம்பெனிகளின் உள்ளே போய்ப் பார்க்கும் அதிகாரம் உள்ள பார்வையாளர் யார், அவரிடம் என்ன காட்ட வேண்டும் என்ற கேள்வியை உங்கள் கட்டுரையாளர்கள் யாராவது எழுதினால் மூன்று வருடமா முப்பது வருடமா என்ற சண்டையைவிட உபயோகமாக இருக்கும்.

என் எண்ணை எது மாற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் நானும் ஜோசியக்காரன்தான். ஆல்ஃபாஎவால்வ் காட்டிய அந்த 1 சதவீத மிச்சம் அடுத்தடுத்த அறிவிப்புகளில் பத்து, இருபது என்று போனால் ஏற்றுவேன். முன்னணி மாடல்களைப் பயிற்றுவிக்கச் செலவாகும் கம்ப்யூட்டர் சக்தி 2010க்குப் பிறகு வருடத்துக்கு நான்கைந்து மடங்காகப் பெருகி வந்திருக்கிறது. அந்தப் பெருக்கம் நின்ற பிறகும் மாடல்கள் இதே வேகத்தில் முன்னேறினால் ரொம்பவே ஏற்றுவேன், ஏனென்றால் வெளியிலிருந்து விறகு போடாமல் எரிகிறது என்று அர்த்தம். விறகு குறைந்ததும் முன்னேற்றமும் அதே அளவு படுத்தால் 5ஐ 2 ஆக்கிவிடுவேன். மெட்டரின் ஏழு மாதம் மூன்று மாதமாகச் சுருங்கினாலும், இரண்டு வருடமாக நீண்டாலும் அதே மாதிரி திருத்துவேன். ஒரு சோதனையில் மட்டும் மதிப்பெண் செங்குத்தாக ஏறியது என்று செய்தி வந்தால் அசைய மாட்டேன், சரி தப்பு என்று மட்டும் மார்க் போடும் பரிட்சையில் அப்படித்தான் தெரியும், பகுதி மதிப்பெண் போட்டுப் பார்த்தால் ஏற்றம் மெதுவாக இருந்ததும் உண்டு.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை இந்த விஷயத்தில் ஒரு சதவீதத்தைப் பெட்டி கட்டிப் போடும்போது, அதே பெட்டிக்குள் மூன்று விவரம் போடுங்கள்: கேட்ட கேள்வி வார்த்தைக்கு வார்த்தை, எந்த வருடத்துக்குள், யாரிடம் கேட்டது. இடம் போதாது என்றால் சதவீதத்தை எடுத்துவிடுங்கள்.

என் 5 சதவீதத்தை இன்றைய தேதி போட்டு, மேலே எழுதிய கேள்வியோடு, டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பொங்கலுக்கு எடுத்துப் பார்ப்பேன். மாற்றினால் எவ்வளவு, எதற்காக என்று எழுதி அனுப்புகிறேன், இடமிருந்தால் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தீக்காப்பீட்டு அலுவலர்,
ராஜபாளையம்